வாய்தா தேதி தெரியாத பாட்டியும் கைப்பேசி வைத்திருந்த மாணவியும்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் காலைப் பேருந்து. வீரவநல்லூரில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி ஏறினார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பாலித்தீன் உறையில் மடித்து வைத்த சில தாள்கள். பக்கத்து இருக்கையில் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர். நாம் அவர்களுக்குப் பின்னால் இருந்தோம். பேச்சுக் கொடுத்ததில் பாட்டி பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குப் போகிறார் என்று தெரிந்தது. மகனைச் சாதி சொல்லி அடித்த வழக்கு. இரண்டு வருடமாக நடக்கிறது.

“பாட்டி, கேஸ் நம்பர் இருக்கா?”

“எனக்கு என்ன தெரியும் தாயி. இந்தத் தாள்ல இருக்கும். நீயே பாரு.”

தாள் என்பது முதல் தகவல் அறிக்கையின் நகல். மாணவி தன் கைப்பேசியில் ‘இ-கோர்ட்ஸ்’ செயலியைத் திறந்தார். மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டார். வழக்கு வந்து நின்றது.

“பாட்டி, இன்னைக்கு உங்க கேஸ் இல்ல. வாய்தாவ அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்க.”

பாட்டி நம்பவில்லை. மாணவி தனக்குத் தெரிந்த இளம் வழக்கறிஞர் ஒருவருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார். பாட்டி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அப்போ இன்னைக்கு நடவு போச்சே. போன தடவையும் இப்படித்தான் போயிட்டு வந்தேன்.”

மாணவி இன்னொரு கேள்வி கேட்டார். “அவங்களுக்கு ஜாமீன் குடுக்கும்போது உங்களைக் கூப்பிட்டாங்களா பாட்டி?” “இல்லையே தாயி. அவன் தெருவுல நடந்து போறதப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும்.”

சேரன்மகாதேவியில் பாட்டி இறங்கி, எதிர்ப்பக்கம் போய், ஊருக்குத் திரும்பும் பேருந்துக்காக நின்றார். பாதி நாள் கூலியாவது மிஞ்சியது.

இதில் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. ஒரு கைப்பேசி, ஐந்து நிமிடம், சட்டம் படிக்கும் ஒரு பெண்ணின் அக்கறை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் வாய்க்காமல் தாமிரபரணிக் கரையில் எத்தனை பேர் எத்தனை நாள் கூலியை இழந்திருப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்தோம். இந்தக் கட்டுரை அந்த யோசனையில் பிறந்தது.

சட்டம் கொடுத்த உரிமை

பாட்டியை யாரும் கூப்பிடவில்லை என்றாரே, அதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தத்தில் சேர்ந்ததுதான் 15ஏ பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் உள்ள உரிமைகளை அது வரிசையாகச் சொல்கிறது. ஜாமீன் உட்பட நீதிமன்ற நடவடிக்கை எதுவானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் தகவல் தரவேண்டும். ஜாமீன் விசாரணையில் அவர் தன் தரப்பைச் சொல்லலாம். 2021 அக்டோபரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இந்த அறிவிப்பு கட்டாயமானது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதே பிரிவில் மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 10ஆம் உட்பிரிவு. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெற பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்கிறது 12ஆம் உட்பிரிவு. “நீ யார், இதில் உனக்கு என்ன வேலை?” என்று காவல் நிலைய வாசலில் கேட்கும்போது, பாதிக்கப்பட்டவரோடு போயிருக்கும் சமூகப் பணியாளர் காட்டவேண்டிய பிரிவு அது.

மலையடிவாரத்துக்குப் போனால் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன்பே சட்டத்தையும் விதிகளையும் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 ஜனவரி முதல் ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ் வழியில் படித்து சட்டக் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலத் தீர்ப்பைக் கண்டு மலைத்து நிற்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இது சிறிய உதவி அல்ல.

ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

நம் கிராமங்களில் அடிக்கடி நடப்பது இது. புகார் கொடுக்கப் போனவர் கையில் ஒரு சீட்டோடு திரும்புவார். “கேஸ் போட்டாச்சு” என்பார். வாங்கிப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. உடன் வரும் மாணவர் செய்யவேண்டிய முதல் வேலை, அந்தச் சீட்டு எது என்று பார்த்துச் சொல்வதுதான்.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி குறைந்த இடங்களில் 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பாலியல் குற்றங்கள் போன்ற சில வழக்குகளுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் எஃப்.ஐ.ஆரைத் தேடிப் பார்க்கலாம். எந்தப் பிரிவுகளில் பதிவாகியிருக்கிறது, வன்கொடுமைச் சட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, வெறும் கைகலப்பு என்று எழுதி முடித்துவிட்டார்களா என்பதை அன்றே தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டால் அன்றே கேட்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, மின்னணு வழியிலும் புகார் தரலாம் என்கிறது. ஆனால் புகார் தந்தவர் மூன்று நாட்களுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். இந்த மூன்று நாள் கணக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். எல்லை எங்கள் நிலையத்துக்கு வராது என்று திருப்பி அனுப்பவும் முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். வன்கொடுமைப் புகாரில் எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு சொல்கிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை உறுதி செய்தது.

இரண்டு எண்களை எல்லோரும் மனப்பாடம் செய்யலாம். வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

ஆற்றங்கரையில் ஒரு கேமரா

படம் பிடிப்பதைப் பற்றிப் பேசும்போது கொக்கிரகுளத்தைத் தாண்டிப் போக முடியாது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி வந்தது. தடியடி நடந்தது. ஆற்றுக்குள் இறங்கிய மக்களில் 17 பேர் பிணமானார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்றைய காட்சிகளை வைத்து ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அந்தப் படம் இல்லையென்றால் அன்று நடந்ததைப் பார்க்காத தலைமுறைக்கு அது ஒரு எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அன்று கேமரா வைத்திருந்தவர்கள் சிலர்தான். இன்று தெருவுக்கு நூறு கேமரா. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு காட்சி மக்கள் மனதில் நிற்பது வேறு, நீதிமன்றத்தில் நிற்பது வேறு.

2014இல் கேரளத் தேர்தல் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பேச்சுகளும் பாட்டுகளும் அடங்கிய குறுந்தகடுகளைத் தாக்கல் செய்தவர்கள், சட்டம் கேட்கும் சான்றிதழை அவற்றோடு வைக்கவில்லை என்பது முக்கியக் காரணம். 2020 ஜூலையில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. பதிவு செய்த கருவியின் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி அந்த அசல் கருவியை ஒப்படைத்தால் சான்றிதழ் வேண்டாம். நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம். இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவில் இந்த விதி இருக்கிறது. சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். ஒன்றில் தாக்கல் செய்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கோப்பின் விரல்ரேகை மாதிரி. வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும்.

கிராமத்துக்குப் போகும் மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. எடுத்த வீடியோவை வெட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள், எழுத்து ஓட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். எடுத்த நேரம், கருவி பற்றிய விவரங்களும் அதிலிருந்து போய்விடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள். அசல் எந்தப் போனில் இருக்கிறதோ, அதில் இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள். போனை விற்கும் முன் யோசியுங்கள். எடுத்த நாள், நேரம், இடம், உடன் இருந்தவர்கள் யார் என்பதை அன்று இரவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

படத்தின் ஓரத்தில் நின்றவர்

இனி நாம் செய்த தவறு. பல வருடங்களுக்கு முன் ஆற்றோர ஊர் ஒன்றில் இரவில் ஒரு தகராறு. காயம்பட்ட இளைஞரைப் படம் எடுத்தோம். ஆவேசம். அன்றிரவே தெருப் பெயரோடு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். விடிவதற்குள் அது எல்லாத் தரப்புக்கும் போய்விட்டது. அந்தப் படத்தின் ஓரத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். நடந்ததைப் பார்த்தவர் அவர். நாம் அவரைக் கவனிக்கவில்லை, பார்க்க வேண்டியவர்கள் கவனித்துவிட்டார்கள். அவர் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தோட்டத்தில் மறுவாரமே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அவர் சாட்சி சொல்ல வரவில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் எழுதுவதில்லை. இன்று சம்மதித்தவர் நாளை வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறோம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் உண்டு. ஊர் பெயர், பள்ளிக்கூடம், அப்பா செய்யும் தொழில் என்று எழுதிவிட்டு, பெயரை மட்டும் மறைத்தேன் என்றால் அது மறைத்தது ஆகாது. ஊர்க்காரருக்கு இரண்டு குறிப்பு போதும்.

வன்கொடுமைச் சட்டத்தில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற வழி இருக்கிறது. நீதிமன்றம் மறைத்துக் காக்கும் ஒன்றை நாம் அவசரத்தில் திறந்து போடலாமா?

இயந்திரம் சொன்ன தீர்ப்பு

இப்போது மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடமும் சட்டம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் 2023இல் நியூயார்க்கில் நடந்ததை மறக்க வேண்டாம். வழக்கறிஞர்கள் சிலர் இப்படி ஒரு கருவியிடம் கேட்டு, அது தந்த தீர்ப்புகளை மனுவில் எழுதித் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. இயந்திரம் கற்பனை செய்து தந்தவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

அங்கே அபராதத்தோடு போயிற்று. நம் ஊரில் ஒரு மாணவர் போனைப் பார்த்து “உங்களுக்கு இத்தனை லட்சம் நிவாரணம் உண்டு” என்று தவறாகச் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் அதை நம்பிக் கடன் வாங்கும். எனவே எந்தப் பிரிவானாலும் மூலச் சட்டத்தைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் “கேட்டுச் சொல்கிறேன்” என்பதில் வெட்கம் இல்லை.

பயணமும் எழுத்தும்

ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததை எழுதுவது நமக்குப் புதிது அல்ல. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசரும் தங்கள் காலத்தின் கருவியான அச்சு எந்திரத்தைக் கையில் எடுத்தவர்கள்தான். அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ சின்னஞ்சிறு நூல். அதில் பெரும்பகுதி பயணங்கள். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போன ரயில் பயணம், 1929இல் தீண்டாமைக் கொடுமைகளை விசாரிக்கும் குழுவின் உறுப்பினராகப் போனபோது சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தது, 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கை கால் கழுவியதற்காக வந்த கூச்சல். ஒவ்வொன்றிலும் இடம், காலம், யார் என்ன சொன்னார் என்பது இருக்கிறது. பாரிஸ்டர் எழுதிய எழுத்து அது. உரத்துப் பேசாமலே சாட்சி சொல்கிறது.

நம் மாணவர்களிடம் எதிர்பார்ப்பதும் அந்த முறையைத்தான். “எங்கள் ஊரில் கொடுமை நடக்கிறது” என்று எழுதுவது போதாது. எந்த டீக்கடை, எந்த நாள், எந்தத் தம்ளர்? சுடுகாட்டுப் பாதை எத்தனை அடி, அது எந்தச் சர்வே எண்ணில் வருகிறது? சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் போனிலேயே பார்க்கலாம். நடந்து பார்த்ததும் பதிவேட்டில் பார்த்ததும் சேரும்போதுதான் மனு பிறக்கிறது.

இளம் வயதிலேயே நீதிமன்றப் படியேறியவர்களும் உண்டு. முகநூல் பதிவுக்காகக் கைது செய்ய உதவிய 66ஏ பிரிவை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்டவர் ஷ்ரேயா சிங்கால். 2015 மார்ச்சில் அந்தப் பிரிவு ரத்தானது. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டும் என்று கேட்ட ஸ்வப்னில் திரிபாதி சட்ட மாணவர். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கேரளத்தில் விடுதி மாணவி ஃபஹீமா ஷிரின், போனைப் பிடுங்கி வைக்கும் விதியை எதிர்த்தார். விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரை மறுபடியும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டது. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போனு?” என்று கேட்கும் பெற்றோர் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று அந்தப் பேருந்தில் பாட்டியின் அரை நாள் கூலியை மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஒரு பெண் பிள்ளையின் போன்தான்.

தாளின் பின்பக்கம்

பாட்டி இறங்குவதற்கு முன் அந்த மாணவி செய்த ஒரு வேலையைச் சொல்ல மறந்துவிட்டோம். எஃப்.ஐ.ஆர். நகலின் பின்பக்கத்தில் பேனாவால் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதினார். ஒன்று, சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க வழக்கு எண். இரண்டு, அடுத்த வாய்தா தேதி. “உங்க ஊர்ல போன் வச்சிருக்கிற பிள்ளைங்க யார்கிட்டயாவது இந்த நம்பரக் காட்டுங்க பாட்டி. முந்தின நாளே பார்த்துச் சொல்லிருவாங்க” என்றார்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தாளைப் பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருப்பவர் இருப்பார். நீங்கள் சட்டம் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிளஸ் டூ படித்தாலும் போதும். இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எண்ணைப் போட்டுப் பாருங்கள். தேதியைப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.